வராது என்று சொன்னது யார்?

“எனக்கு வராது மேம்.”

ரிசல்ட் வந்த மறுநாள் டிபார்ட்மென்ட் வாசலில் நின்று இதைச் சொல்ல ஓர் ஆளாவது இல்லாத வருடத்தை நான் பார்த்ததில்லை. போன வருடம் சொன்னவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்துக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தாள். பன்னிரண்டாவது வரை ஊர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவள். உயிர்வேதியியல் முதல் தாளில் அரியர். மார்க் அச்சடித்த தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“எதும்மா வரல?”

“புரோட்டீன் மேம். பிரைமரி, செகண்டரி, அந்த ஸ்ட்ரக்சர் எல்லாம். எழுதி எழுதிப் பார்த்துட்டேன். மண்டையில ஏறவே மாட்டேங்குது.”

முதல் வருடம் சேர்ந்தபோது அவளுக்குச் சுருட்டை முடி. சீப்பு உடையும் சுருட்டை. இப்போது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக விழுந்தது. கேட்டேன். அக்கா கல்யாணத்துக்காகப் பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொண்டாளாம்.

“என்னென்ன பண்ணாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு.”

அழத் தயாராக வந்தவள் திகைத்துப் போனாள். ஆனாலும் சொன்னாள். முதலில் ஒரு கிரீம். அழுகின முட்டை நாற்றம். ஊறவிட்டு அலசினார்கள். முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அயர்ன் வைத்து இழுத்தார்கள். அப்புறம் இன்னொரு கிரீம். அதையும் அலசிவிட்டு, மூன்று நாளைக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

“நீ இப்ப ஒப்பிச்சது உன் அரியர் பேப்பர்தாம்மா,” என்றேன்.

முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதச் சரங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அதில் கந்தகம் இருக்கிறது. ஒரு சரத்தின் கந்தகமும் பக்கத்துச் சரத்தின் கந்தகமும் கை கோத்துக்கொள்ளும். டைசல்பைடு பிணைப்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். சுருட்டை சுருட்டையாகவே நிற்பதற்கு இந்தப் பிடியும் ஒரு காரணம். முதல் கிரீம் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டது. நாற்றம் கந்தகத்தின் உபயம். அயர்ன் பெட்டி சரங்களை நேராக நிறுத்தியது. இரண்டாவது கிரீம் புது இடத்தில் கைகளைக் கோக்க வைத்தது. அவ்வளவுதான் விஷயம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, புரதத்தின் வடிவம் குலைவதையும் மறுபடி அமைவதையும் தன் தலையிலேயே செய்து பார்த்தவள் சொல்கிறாள், ‘எனக்கு வராது’ என்று!

இனி நான் பேசப்போவது அவளிடம் மட்டுமல்ல. ஒரு தாளில் விழுந்துவிட்டு, முழு வாழ்க்கையும் விழுந்துவிட்டதாக மூலையில் சுருண்டு கிடக்கும் உன்னிடமும்தான். எழுந்து உட்கார். ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. ஆறுதல் தலைவலித் தைலம் மாதிரி, தடவின கொஞ்ச நேரத்துக்குத்தான். நான் உனக்குக் காட்டப்போவது ஒரு சோதனைக் குழாயை.

முதலில் அடிப்படை. உலகத்தில் உயிருள்ள எதை எடுத்தாலும் அதன் புரதங்கள் ஏறக்குறைய ஒரே 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. மணிச்சரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வரிசை, முதல்நிலை அமைப்பு. அந்தச் சரம் அங்கங்கே ஆல்ஃபா சுருளாகவோ மடிப்பு விசிறி போன்ற பீட்டா தாளாகவோ ஒழுங்குபட்டால் இரண்டாம்நிலை. மொத்தச் சரமும் மடிந்து தனக்கென ஓர் உருவம் கொண்டால் மூன்றாம்நிலை. அப்படிப்பட்ட பல சரங்கள் சேர்ந்து ஒரே இயந்திரமாக நின்றால் நாலாம்நிலை. உன் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நாலு சரங்களின் கூட்டு. இதைத்தான் நீ நாற்பது தடவை எழுதிப் பார்த்தாய். நாற்பது தடவை எழுதினாய், ஒரு தடவையாவது மடித்துப் பார்த்தாயா? உருவம் கெட்டால் வேலை போச்சு, உருவம் வந்தால் வேலை வந்தது. புரதத்தில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் இல்லை.

இப்போது சோதனைக்கு வருவோம். அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனத்தில் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் என்பவர் 1950களின் கடைசியில் ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த ரிபோநியூக்ளியேஸ் அது. 124 அமினோ அமிலம். ஆர்.என்.ஏ.வை வெட்டுவது அதன் தொழில். அதில் 8 சிஸ்டீன். இரண்டிரண்டாகக் கோத்து 4 கந்தகப் பிடிகள்.

அவர் அதைக் குலைத்தார். எதைக் கொண்டு? யூரியா. வயலில் வீசும் அதே யூரியாதான். ஒரு லிட்டர் கரைசலில் கிட்டத்தட்ட அரைக்கிலோ. அதோடு, பார்லர் கிரீம் செய்த வேலையைச் செய்ய மெர்காப்டோஎத்தனால் என்ற இன்னொரு நாற்றச் சரக்கு. கந்தகப் பிடி நாலும் அறுந்தது. சரம் நூல் பிரிந்த மாலை மாதிரித் தொங்கியது. வேலைத்திறன் பூச்சியம். அந்த நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், ‘முடிஞ்சது கதை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு யூரியாவையும் அந்த நாற்றச் சரக்கையும் மெல்ல வெளியேற்றினார். காற்றுப் பட விட்டார். வேறு எதுவும் செய்யவில்லை. யாரும் கையைப் பிடித்து மடித்துவிடவில்லை. அச்சு எதிலும் வார்க்கவில்லை. அந்தச் சரம் தானாக மடிந்தது. தண்ணீருக்குப் பிடிக்காத பகுதிகள் உள்ளே ஒதுங்க, பிடித்தவை வெளியே நிற்க, அதே நாலு பிடி, அதே ஜோடி, அதே உருவம். வேலைத்திறனும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிட்டது.

குலைந்தது வேறு, அழிந்தது வேறு. அரியர் உன்னைக் குலைத்திருக்கலாம். நீ கோத்த வரிசையை, ராத்திரி கண்விழித்துக் கற்ற ஒவ்வொரு மணியையும், எந்த மார்க் ஷீட்டாலும் அறுக்க முடியாது. யூரியாவாலேயே முடியவில்லை!

ஆன்ஃபின்சன் அதோடு விடவில்லை. அடுத்துச் செய்ததுதான் எனக்கு உயிர். அதே மாதிரிக் குலைத்த புரதம். ஆனால் இந்த முறை யூரியா உள்ளே இருக்கும்போதே கந்தகப் பிடிகளைக் கோக்க விட்டார். கோத்துக்கொண்டன. எப்படி? கண்டபடி. கணக்குப் போட்டுப் பார். எட்டுப் பேரில் முதல் ஆளுக்கு ஜோடி சேர 7 பேர். மிச்சம் ஆறு பேரில் ஒருவருக்கு 5. அடுத்து 3. கடைசி இரண்டு பேருக்கு வேறு வழியில்லை. ஏழைந்து முப்பத்தைந்து, முப்பத்தைந்து மூன்று நூற்றைந்து. 105 விதம், சரியானது ஒன்றே ஒன்று. அந்தக் குழாயில் கிடைத்த வேலைத்திறனும் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. கணக்கும் சோதனையும் ஒன்றுக்கொன்று கண்ணடித்துக்கொண்ட இடம் அது.

இந்தக் குழாயை நன்றாகப் பார். இங்கே பிடி குறையவில்லை. நாலு பிடியும் இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. நெருக்கடிக்குள் உட்கார்ந்து, நிதானம் வரும் முன்னே, அவசர அவசரமாகக் கோத்த பிடிகள். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ செய்வது இதுதானே? புரியாததைப் புரியாததோடு முடிச்சுப் போடுகிறாய். மறுநாள் பேப்பரில் ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். படிக்கவில்லை என்று உன்னைத் திட்டுகிறவர்களுக்குத் தெரியாது, நீ படித்தாய். தப்பாக முடிந்தாய்.

மருந்து என்ன தெரியுமா? யூரியாவை எடுத்துவிட்டு, அறுத்துவிடும் அந்த நாற்றச் சரக்கைத் துளியூண்டு திரும்பச் சேர்த்தார் ஆன்ஃபின்சன். தப்பான பிடி அறுந்தது, வேறு கோத்தது, மறுபடி அறுந்தது, மறுபடி கோத்தது. சுமார் பத்து மணி நேரத்தில் எல்லாம் சரியான ஜோடிக்கு வந்து நின்றன. ஆகவே அடுத்த முறை உன் விடைத்தாளில் சிவப்பு மை சுழித்த இடத்தை ஒளிக்காதே. அங்கேதான் கை வை. அறு. நாற்றமாகத்தான் இருக்கும். அறுத்துக் கோ. 1972இல் ஆன்ஃபின்சனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு மாட்டுக் கணையத்துச் சரம் விடாப்பிடியாக நின்றதற்குக் கிடைத்தது என்றே நான் வகுப்பில் சொல்வேன்.

“மேம், முட்டையை வேகவெச்சா அது திரும்ப வராதே?” இதையும் அவள்தான் கேட்டாள். கண்ணீர் அதற்குள் காய்ந்திருந்தது. நல்ல கேள்வி, உற்சாக மொழி பேசுகிறவர்கள் சாமர்த்தியமாகத் தாண்டிப் போகும் கேள்வி. ஆமாம், வராது. வெள்ளைக்கருவில் புரதம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. சூட்டில் ஒவ்வொன்றும் குலைந்து, உள்ளே ஒதுங்கியிருந்த ஒட்டும் பகுதிகள் வெளியே தெரிய, குலைந்தது குலைந்ததோடு ஒட்டி வலையாகி இறுகிவிடுகிறது. ஆனால் நம் ரிபோநியூக்ளியேஸைக் கொதிக்க வைத்துப் பார். ஆறினதும் எழுந்து வேலைக்குப் போய்விடும். ஆர்.என்.ஏ. வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கேள். அந்த வகை நொதிக்குப் பயந்து கையுறை இல்லாமல் எதையும் தொட மாட்டார்கள். நம் விரல் நுனியிலும் அது இருக்கிறது.

வித்தியாசம் எங்கே என்று பார். ஒன்றுக்கு உள்ளுக்குள்ளேயே நாலு உறுதியான பிடி. மற்றது நெரிசலில் வெந்தது. அரியர் வைத்த ஆறு பேர் ஒரே ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ‘சிலபஸே சரியில்ல மச்சான்’ என்று ராத்திரி முழுக்கப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்கரு! எழுந்து வெளியே வா!

வெளியே வந்தால் தனியாகத்தான் நிற்க வேண்டுமா? இல்லை. உயிரணுவுக்குள்ளேயும் நெரிசல்தான். அதனால் அங்கே சேப்பரோன் என்ற துணைப் புரதங்கள் இருக்கின்றன. நம் ஊரில் வயசுப் பிள்ளையோடு துணைக்கு அனுப்பும் பாட்டி மாதிரி. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் அது ஒரு பீப்பாய். ஏழேழாக அடுக்கிய 14 துண்டுகளால் ஆனது, மூடியும் உண்டு. மடியத் திணறும் சரத்தை உள்ளே விட்டு, மூடி போட்டு, சில நொடி தனியே வைத்திருக்கும். எப்படி மடிய வேண்டும் என்று அது சொல்லித்தருவதில்லை. யாரும் வந்து ஒட்டிக்கொள்ளாத கொஞ்சம் இடம் கொடுக்கிறது, அவ்வளவே. நூலகத்து மூலை மேசை போதும். சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்காத ஒரு சீனியர் போதும். கேட்பது கேவலம் என்று நினைக்காதே. உன் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் இப்போதுகூடக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. வரிசையிலேயே உருவம் அடங்கியிருக்கிறது என்றதும், ‘அப்ப எல்லாம் பிறப்புலயே இருக்கு’ என்று சிலர் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை இந்த நாட்டில் நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நான் பேசும் வரிசை நீ பிறந்த வீடு அல்ல. நீ நாளுக்கு நாள் கோக்கும் வரிசை. பிறப்பைச் சொல்கிறவனிடம் அந்த இருபதைச் சொல். மந்திரி உடம்பிலும் அதே இருபது, மாட்டிலும் அதே இருபது, பாக்டீரியாவிலும் அதே இருபது. உயர்ந்த ஜாதி அமினோ அமிலம் என்று ஒன்று கிடையாது!

அந்த இருபதில் மிகச் சின்னது கிளைசின். மற்றவற்றுக்கெல்லாம் பக்கத்தில் கிளை, கொப்பு, வளையம் என்று ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. இல்லாதப்பட்டது. ஆனால் உன் எலும்பையும் தோலையும் தசைநாணையும் தாங்கும் கொலாஜனைப் பிரித்துப் பார். மூன்று சரங்களை முப்புரியாக முறுக்கிய கயிறு அது. ஜடை பின்னத் தெரிந்தவளுக்குப் படம் தேவையில்லை. கயிற்றின் நட்டநடுவில் இடுக்கோ இடுக்கு. கிளை வைத்த பெரிய மனிதர் யாரும் அங்கே நுழைய முடியாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால், தொட்டால் ஒடியும் எலும்போடு குழந்தை பிறக்கும் நோய்கூட வரலாம். அந்தச் சின்னஞ்சிறுசு உள்ளே இருப்பதால்தான் நீ இப்போது முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாய். நிமிர்ந்துதானே உட்கார்ந்திருக்கிறாய்?

அந்த முப்புரியைக் கண்டுபிடித்துச் சொன்னது எங்கிருந்து என்று நினைக்கிறாய்? சென்னையிலிருந்து. ஜி.என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, கேம்பிரிட்ஜ் போய்வந்தவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது வயது முப்பதை ஒட்டி. உலகின் பெரிய ஆய்வகங்கள் எல்லாம் கொலாஜனோடு முட்டிக்கொண்டிருந்த காலம். இவருக்கு அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. தோல் என்றாலே கொலாஜன்தானே. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் முப்புரி அமைப்பை எழுதினார். அடுத்த வருடமே அதைத் திருத்தி, மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று இன்னும் நுட்பமாக்கினார்.

வந்தது அடி. அடித்தது யார்? டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும். இந்த மாதிரியில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன; அவ்வளவு நெருங்கி வராது என்றார்கள். வராது! அதே சொல். கேம்பிரிட்ஜிலிருந்து, அதுவும் கிரிக் வாயிலிருந்து வந்த வராது.

நீயாக இருந்தால், நானாக இருந்தால், என்ன செய்திருப்போம்? ஒன்று, போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்போம். அல்லது நாலு பேரிடம் வெள்ளைக்காரன் திமிர் என்று புலம்பியிருப்போம். ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். வராது, சரி, எவ்வளவு நெருங்கினால் வராது?

பதில் யாரிடமும் ஒழுங்காக இல்லை. வி. சசிசேகரனும் அவருமாக அதுவரை அச்சான அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுகளின் அளவுகளையெல்லாம் துழாவினார்கள். எந்த அணுவும் எந்த அணுவும் குறைந்தபட்சம் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2 ஆங்ஸ்ட்ராம், ரொம்ப நெருக்கினால் 3.0. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, நெருக்கினால் 1.9. பிறகு சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்துகொள்ள, பெப்டைடுச் சரத்தில் ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் இரண்டு திருப்புகோணங்களை, ஃபை, சை என்ற அந்த இரண்டை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிக் கணக்கிட்டார்கள். இன்று உன் போனில் இருக்கும் கணக்குத் திறனில் ஒரு துளிகூட இல்லாத காலம் அது. இந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டுமா, முட்டாதா. முட்டினால் தடை. முட்டாவிட்டால் அனுமதி. 1963இல் வெளிவந்தது படம். ஒரு சதுரம், முக்கால்வாசிக்கு மேல் தடைசெய்த வெளி, நடுவில் இரண்டு மூன்று தீவுகள். வேதியியலாளர் பாலிங் 1951இல் சொன்ன ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் கச்சிதமாக உட்கார்ந்தது. பீட்டா தாள் இன்னொன்றில்.

பிறகு ஒவ்வொரு புரதத்தின் உருவமும் உலகின் எந்த மூலையில் தெரியவந்தாலும், புள்ளிகள் பெரும்பாலும் அந்தத் தீவுகளிலேயே விழுந்தன. இன்றும் ஒரு புதுப் புரத அமைப்பைச் சர்வதேசத் தரவு வங்கியில் சேர்த்தால், அதைச் சரிபார்க்கும் அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்தை மீறிய கோணங்கள் எத்தனை என்று ஒரு வரி இருக்கும். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. அது பற்றிப் புலம்ப எனக்கு நிறைய இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வேண்டாம். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலாஜனில் நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை என்று கூடவே நடந்த இன்னொரு சண்டையில் கடைசியில் ரிச், கிரிக் கணக்கே நின்றது. முப்புரி ராமச்சந்திரனுடையதாக நின்றது. அடித்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியை அளந்து பார்க்கப் போனவர்தான் உலகம் முழுக்கப் பயன்படும் படத்தோடு திரும்பி வந்தார்.

உன்னிடம் யாராவது ‘உனக்கு வராது’ என்றால், நீயே உன்னிடம் சொல்லிக்கொண்டாலும், விடாதே. சட்டையைப் பிடி. எது வராது? எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்த வரி? எத்தனை மார்க் தூரத்தில் நிற்கிறது? அளவு சொல்லத் தெரியாத ‘வராது’வுக்கு மரியாதை கொடுக்காதே. அளந்த பிறகு சில இடங்கள் நிஜமாகவே தடை என்று தெரியலாம். தெரியட்டுமே! சதுரத்தில் கால்வாசிக்கும் குறைவான இடத்துக்குள்தான் திமிங்கலத்தின் புரதங்களும் தென்னை மரத்தின் புரதங்களும் பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கின்றன.

அன்று அவளிடம் ஒரு பழைய அரையடி ஸ்கேலையும் கிராஃப் தாளையும் கொடுத்து அனுப்பினேன். நவம்பரில் அரியர் பரீட்சைக்கு முந்தின வாரம் திரும்ப வந்தாள். சதுரம் போட்டு, பென்சிலால் தீவுகளை நிழலடித்து, ஓரமெல்லாம் தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள். குனிந்து தாளை மேசையில் விரித்தபோது பார்த்தேன்; நேர் முடிக்கு மேலே, தலையை ஒட்டி விரற்கடை உயரத்துக்குப் புது முடி சுருண்டு சுருண்டு கிளம்பியிருந்தது.

வலதுபக்கக் கீழ் மூலையில் விரலை வைத்தாள்.

“இந்த இடம் கிளைசினுக்கு மட்டும் கொஞ்சம் வருது. அலனினுக்கு ஏன் மேம் வராது?”